எண்ணப்படும் பயணியும் எண்ணப்படாத தொழிலாளியும்

(சர்வதேச சுற்றுலாவின் வளர்ச்சி குறித்துக் கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1950ஆம் ஆண்டில் உலகெங்கும் பதிவான வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் வருகை ஏறத்தாழ 2.5 கோடி. 2012இல் அது முதன்முறையாக 100 கோடியைத் தாண்டியது. 2019இல் 146 கோடியை எட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் வீழ்ந்து, மீண்டும் எழுந்து, 2024இல் 140 கோடியாக நின்றது. அந்த ஓராண்டில் பயணிகள் தாங்கள் சென்ற நாடுகளில் செலவிட்ட தொகை ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி டாலர் என்று ஐ.நா. சுற்றுலா அமைப்பு கூறுகிறது. வெளிநாட்டுப் பயணி ஒரு நாட்டில் செய்யும் செலவு அந்நாட்டின் ஏற்றுமதி வருவாயாகவே கணக்கில் எழுதப்படுகிறது. அவ்வகையில், பெருந்தொற்றுக்கு முன்பு உலக ஏற்றுமதியில் எரிபொருளுக்கும் வேதிப்பொருள்களுக்கும் அடுத்த இடத்தில் சுற்றுலா இருந்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இங்கே எண்ணப்படுவது ஆட்களின் தொகை அன்று. எல்லை கடந்து சென்று குறைந்தது ஓரிரவு தங்கிய வருகைகளின் தொகை. ஒரே செல்வந்தர் ஆண்டுக்கு ஐந்து முறை பறந்தால் அவர் ஐந்து வருகையாகிறார். பிறந்த நாட்டின் எல்லையை வாழ்நாளில் ஒருமுறையும் கடக்காத கோடிக்கணக்கான உழைப்பாளிகளுக்கு அப்பட்டியலில் இடமே இல்லை.

சுற்றுலா வளர்ச்சி பற்றிய அறிக்கைகள் உலகை இரண்டாகப் பிரிக்கின்றன: முன்னேறிய பொருளாதாரங்கள், வளர்ந்துவரும் பொருளாதாரங்கள். எந்தப் பக்கம் வேகமாக வளர்கிறது என்பதே அவற்றின் கேள்வி. உழைக்கும் மக்களின் கேள்வி வேறு. வந்த பணம் யாரிடம் தங்குகிறது? வராமல் போன ஆண்டின் இழப்பை யார் சுமக்கிறார்கள்? இவ்விரண்டையும் கேட்டால், உலகின் மெய்யான பிரிவினைக் கோடு வேறோர் இடத்தில் செல்வது தெரியவரும்.

விடுமுறை என்னும் உரிமை

சுற்றுலா என்றதும் அதைச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் மனப்பாங்கு இடதுசாரி வட்டாரங்களில் இல்லாமல் இல்லை. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ வரை, மதுவிலக்குக் கூட்டத்திற்கு, ஏறத்தாழ ஐந்நூறு பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றார். நவீன சுற்றுலாத் தொழிலின் தொடக்கமாக அப்பயணத்தைச் சுட்டுவர். ஆனால் ரயில் வந்துவிட்டதால் மட்டும் தொழிலாளி பயணியாகிவிடவில்லை. விடுப்பு எடுத்தால் கூலி போயிற்று என்ற நிலை நீடித்தவரை, ஒருநாள் உல்லாசத்திற்கு மேல் அவருக்குக் கிட்டவில்லை.

1936 மே, ஜூன் மாதங்களில் பிரான்சின் ஆலைகளைத் தொழிலாளர்கள் கைப்பற்றி அமர்ந்தனர். அந்த வேலைநிறுத்த அலையின் நடுவில்தான் லியோன் ப்ளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு, ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுமுறையைச் சட்டமாக்கியது. அதே ஆண்டில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு அவ்விடுமுறைக்கான உடன்படிக்கையை ஏற்றது. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பிரகடனத்தின் 24ஆவது கூறு, ஓய்வையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையையும் எல்லா மனிதர்க்கும் உரிய உரிமையாக அறிவித்தது. 1950க்குப் பிந்தைய சுற்றுலாப் பெருக்கத்திற்கு ஜெட் விமானம் ஒரு காரணம். அவ்விமானத்தில் ஏறி அமர்வதற்கான ஓய்வு நாட்களோ போராடிப் பெற்றவை. ஆகவே பயணத்தை எதிர்ப்பது தொழிலாளி வர்க்கத்தின் நிலைப்பாடாக இருக்க முடியாது.

பொய்த்த கணிப்பு

2011இல் உலக சுற்றுலா அமைப்பு 2030 வரையிலான ஒரு கணிப்பை வெளியிட்டது. வளர்ந்துவரும் நாடுகளுக்கு வரும் பயணிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு 4.4 விழுக்காடும், முன்னேறிய நாடுகளுக்கு வருவோர் எண்ணிக்கை 2.2 விழுக்காடும் வளரும். 1980இல் 30 விழுக்காடாக இருந்து 2010இல் 47 ஆக உயர்ந்த வளர்ந்துவரும் நாடுகளின் பங்கு, 2030இல் 57 விழுக்காட்டை எட்டும். 2015க்கு முன்பே அவை முன்னேறிய நாடுகளை முந்திவிடும் என்று அக்கணிப்பு கூறியது. அதை நம்பி விமான நிலையங்கள் விரிவாக்கப்பட்டன. கடற்கரைகள் குத்தகைக்குத் தரப்பட்டன.

முந்துதல் நிகழவில்லை. 2018இல் மொத்த வருகையில் முன்னேறிய நாடுகளின் பங்கு ஏறத்தாழ 54 விழுக்காடு. வளர்ந்துவரும் நாடுகளின் பங்கு 46. வருவாயிலோ இடைவெளி இன்னும் பெரிது: 65க்கு 35. அதாவது வளர்ந்துவரும் நாட்டுக்கு வரும் ஒரு பயணியால் கிடைக்கும் சராசரி வருவாய், முன்னேறிய நாட்டில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு.

இதற்குக் காரணங்கள் பல. 2011க்குப் பிறகு அரபு நாடுகளில் ஏற்பட்ட கொந்தளிப்பாலும், துனிசியாவின் சூஸ் கடற்கரையில் 2015இல் நிகழ்ந்தது போன்ற தாக்குதல்களாலும், துனிசியாவையும் எகிப்தையும் நாடிய பயணிகள் ஸ்பெயினின் பக்கம் திரும்பினர். ஜப்பான் விசா விதிகளைத் தளர்த்தியது; யென்னின் மதிப்பும் சரிந்தது; 2012இல் 84 லட்சமாக இருந்த அந்நாட்டு வருகை 2019இல் 3.19 கோடியாகவும் 2024இல் 3.69 கோடியாகவும் பெருகிற்று. அங்கு சென்றோரில் பெரும்பாலோர் சீனா, தென்கொரியா, தைவான் முதலான ஆசியப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். சீனா போன்ற வளர்ந்துவரும் நாடுகளில் உருவான புதிய செல்வமும் முன்னேறிய நாடுகளின் சுற்றுலாவை வளர்த்தது என்பதற்கு இது சான்று.

வகைப்பாட்டையும் கவனிக்க வேண்டும். எது முன்னேறிய பொருளாதாரம் என்பதை இவ்வறிக்கைகள் சர்வதேச நிதியத்தின் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அப்பட்டியலில் ஹாங்காங்கும் மக்காவும் முன்னேறியவை. சீனப் பெருநிலம் வளர்ந்துவருவது. குவாங்டாங் மாநிலத்துக்காரர் ஒருவர் பக்கத்திலுள்ள மக்காவுக்குச் சென்று ஓரிரவு தங்கினால், அது முன்னேறிய பொருளாதாரத்திற்கான சர்வதேச வருகையாகப் பதிவாகிறது. பட்டியல்கள் பயனற்றவை என்பது இதன் பொருளன்று. அவற்றைக் கொண்டு ஒரு நாட்டு மக்களின் நிலையை அளந்துவிட முடியாது என்பதே பொருள்.

வந்த பணம் செல்லும் வழி

ஐரோப்பியக் குடும்பம் ஒன்று வெப்ப மண்டலத் தீவு ஒன்றில் ஒரு வாரம் தங்கத் திட்டமிடுகிறது. அறையை இணையத் தளத்தில் பதிவு செய்கிறது. ஆம்ஸ்டர்டாமிலோ அமெரிக்காவிலோ தலைமையகம் கொண்ட அந்நிறுவனம் அறைக் கட்டணத்தில் நூற்றுக்குப் பதினைந்தையும் அதற்கு மேலும் தரகாக எடுத்துக்கொள்கிறது. பயணச் சீட்டின் பணம் வெளிநாட்டு விமான நிறுவனத்துக்குப் போகிறது. ஓட்டல் கட்டடம் உள்ளூர் முதலாளிக்குச் சொந்தமாக இருக்கலாம். வாசலில் தொங்கும் பெயர் பன்னாட்டு நிறுவனத்துடையது. இன்று பெரிய ஓட்டல் நிறுவனங்கள் பல கட்டடத்தை வைத்துக்கொள்வதில்லை. பெயரைத் தந்து, நிர்வாகம் செய்து, அதற்கான கட்டணத்தை மட்டும் பெற்றுக்கொள்கின்றன. நட்டம் வந்தால் கட்டடக்காரருக்கு. பெயருக்கான கட்டணமோ வந்துகொண்டிருக்கும். இவற்றோடு இறக்குமதியாகும் இறைச்சி, பாலாடைக்கட்டி, மது, குளிர்பதனக் கருவி, மின்தூக்கி ஆகியவற்றின் விலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைப் பொருளாதாரத்தில் கசிவு என்பர். சிறிய பொருளாதாரங்களில் மொத்தச் சுற்றுலா வருவாயில் 40 முதல் 50 விழுக்காடு வரை இறக்குமதி வழியாகவே வெளியேறுகிறது என்றும், பல தொழில்கள் வளர்ந்த நாடுகளில் அது 10 முதல் 20 விழுக்காடே என்றும் ஐ.நா. வர்த்தக வளர்ச்சி மாநாட்டின் பெயரால் ஒரு மதிப்பீடு நெடுங்காலமாக எடுத்தாளப்படுகிறது. சொந்த வேளாண்மையும் சொந்த ஆலைகளும் உடைய நாட்டில் சுற்றுலாப் பணம் தங்குகிறது. அவை இல்லாத நாட்டில் அது வந்த வழியே திரும்புகிறது. சுற்றுலாவை வளர்த்தால் பிற தொழில்கள் தாமே வளரும் என்ற வாதம் இங்கே தலைகீழாகிவிடுகிறது.

மாலத்தீவு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1972இல் அங்கு முதல் சுற்றுலா விடுதி திறக்கப்பட்டது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே கொள்கை. பயணி வேறு தீவில். மாலத்தீவின் குடிமக்கள் வேறு தீவில். ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்களைக் கொண்ட அந்நாட்டுக்கு 2024இல் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தனர். விடுதிகளில் உழைப்போரில் பெரும் பகுதியினர் வங்கதேசம், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து சென்றவர்கள். 2009ஐ ஒட்டிய காலத்தில்தான், மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த அரசு வழிவிட்டது. சாதாரணக் குடும்பங்கள் தம் வீட்டு அறைகளைப் பயணிகளுக்குத் தரத் தொடங்கியது அதன் பின்னரே. பயணியின் பணம் எவர் கையில் சேரும் என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. சட்டம் தீர்மானிக்கிறது என்பதற்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

2020 காட்டிய வேறுபாடு

2020இல் உலக வருகை ஓராண்டில் 70 விழுக்காட்டுக்கும் மேலாக வீழ்ந்தது. 2019இல் ஏறத்தாழ 4 கோடிப் பயணிகளைப் பெற்ற தாய்லாந்துக்கு 2021இல் வந்தோர் 4.3 லட்சம் பேர் மட்டுமே. இலங்கை 2018இல் 23.3 லட்சம் பயணிகளைக் கண்டிருந்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் ஓர் அடி. பெருந்தொற்று அடுத்த அடி. 2021இல் வந்தோர் இரண்டு லட்சத்தைக்கூட எட்டவில்லை. 2022 ஏப்ரலில் அந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்தது. வரிக்குறைப்பும் கடன் கொள்கையும் அந்நெருக்கடிக்கு அடிப்படைக் காரணங்கள். ஆயினும் சுற்றுலா டாலர் நின்றுபோனது அதை விரைவுபடுத்தியது.

வேலையிழந்த ஓட்டல் தொழிலாளிக்கு அப்போது என்ன கிடைத்தது? பிரிட்டனில் வேலையின்றி வீட்டில் இருந்த தொழிலாளிக்கு அரசு ஊதியத்தில் 80 விழுக்காடு வரை வழங்கியது. ஸ்பெயினில் தற்காலிக வேலைநிறுத்தி வைப்புத் திட்டத்தின் கீழ், ஊதிய அடிப்படையில் 70 விழுக்காடு தரப்பட்டது. இந்தியாவில் 2021 ஜூன் மாதம் ஒன்றிய அரசு சுற்றுலாத் துறைக்கென அறிவித்தது ஒரு கடன் உத்தரவாதத் திட்டம்: உரிமம் பெற்ற வழிகாட்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கடன், பயண நிறுவனங்களுக்குப் பத்து லட்சம் வரை கடன். அறை துடைத்தவர், பாத்திரம் கழுவியவர், கார் ஓட்டியவர், படகு செலுத்தியவர் எவருக்கும் அதில் ஊதியம் என்று ஒன்று இல்லை. ஓரிடத்தில் ஊதியம், மற்றோரிடத்தில் கடன். முன்னேறிய நாடு, வளர்ந்துவரும் நாடு என்ற வேறுபாட்டை ஒரு தொழிலாளி தன் வீட்டு அடுப்பில் உணர்ந்தது இப்படித்தான்.

ஸ்பெயினிலும் வெனிஸிலும்

அப்படியானால் முன்னேறிய நாட்டுத் தொழிலாளிக்குச் சுற்றுலா வளர்ச்சி நன்மையே செய்கிறதா? 5 கோடிக்கும் குறைவான மக்கள் வாழும் ஸ்பெயினுக்கு 2024இல் ஏறத்தாழ 9.4 கோடிப் பயணிகள் வந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 20 அன்று கேனரித் தீவுகளில் பல்லாயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கினர். வீட்டு வாடகை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது, தண்ணீர் போதவில்லை, தீவின் பொருளாதாரம் சுற்றுலாவை நம்பியிருக்க, அதில் உழைப்போரின் ஊதியம் நாட்டிலேயே குறைந்தவற்றுள் ஒன்றாக இருக்கிறது என்பவை அவர்களின் முறையீடுகள். 2024 ஜூனில் பார்சலோனா மேயர், நகரில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் 10,101 குடியிருப்புகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிப்பதில்லை என்று அறிவித்தார். வெனிஸின் பழைய நகரில் 1951இல் 1.75 லட்சம் பேர் வாழ்ந்தனர். 2022இல் அது 50 ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாட்களில், பகல் பொழுதுக்கு மட்டும் வந்து செல்வோரிடம் அந்நகரம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. கட்டணம் கட்டிப் பார்க்கும் இடமாக ஒரு நகரம் மாறிவிட்டால், அங்கே குடியிருந்தவர்கள் வேறெங்கோ போயிருக்கிறார்கள் என்று பொருள்.

ஸ்பெயினின் ஓட்டல்களில் அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்கள் ‘லாஸ் கெல்லிஸ்’ என்னும் பெயரில் அமைப்பாகத் திரண்டனர். ‘சுத்தம் செய்பவர்கள்’ என்பதைக் குறிக்கும் ஸ்பானியத் தொடரின் சுருக்கம் அது. 2012ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் திருத்தம், துறை முழுமைக்குமான ஒப்பந்தத்தைவிட ஒரு நிறுவனத்தின் தனி ஒப்பந்தத்துக்கு முதன்மை தந்தது. ஓட்டல்கள் துப்புரவுப் பணியை வெளி ஒப்பந்ததாரர்களிடம் தள்ளின. ஊதியம் வீழ்ந்தது, ஒரு நாளில் முடிக்க வேண்டிய அறைகளின் எண்ணிக்கை ஏறியது, முதுகுவலியும் மாத்திரையும் அப்பெண்களின் அன்றாடமாயின. தொடர்ந்த போராட்டங்களுக்கும் அரசியல் மாற்றத்துக்கும் பின், 2021 டிசம்பரில் வந்த சீர்திருத்தம் ஊதிய விஷயத்தில் துறை ஒப்பந்தத்தின் முதன்மையை மீட்டது. பயணிகள் பெருகிய ஆண்டுகளிலேயே ஊதியம் வீழ்ந்தது; அமைப்பாகத் திரண்டதும் சட்டம் அசைந்தது. பயணிகளின் எண்ணிக்கை தொழிலாளியின் நிலையை உயர்த்துவதில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கியூபாவின் அனுபவம்

சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் கியூபா வேறு வழியின்றிச் சுற்றுலாவின் பக்கம் திரும்பியது. 2018இல் ஏறத்தாழ 47 லட்சம் பயணிகள் அங்கு சென்றனர். 2019 ஜூனில் டிரம்ப் நிர்வாகம் அமெரிக்கப் பயணக் கப்பல்கள் கியூபாவுக்குச் செல்வதைத் தடை செய்தது. 2021 ஜனவரியில், பதவி விலகும் தறுவாயில், பயங்கரவாதத்தை ஆதரிக்கும் நாடுகளின் பட்டியலில் அந்நாட்டை மீண்டும் சேர்த்தது. அதன் விளைவாக, விசா இன்றி அமெரிக்கா செல்லும் வசதியுள்ள ஐரோப்பியர் ஒருவர் அந்நாளுக்குப் பின் ஒருமுறை ஹவானாவுக்குச் சென்றிருந்தால், அவ்வசதியை இழக்கிறார். 2024இல் கியூபாவின் வருகை 2018இல் இருந்ததில் பாதிக்கும் கீழே சென்றது. மின்வெட்டும் தட்டுப்பாடும் அதற்குத் துணைக் காரணங்கள்.

கியூபாவின் உள்முரண்பாட்டையும் மறைக்கத் தேவையில்லை. பயணியிடம் அன்பளிப்பு பெறும் பரிமாறுபவரின் வருவாய் மருத்துவரின் ஊதியத்தை மிஞ்சும் நிலை அங்கே எழுந்தது. ஓட்டல் அரசுடைமையாக இருந்தும், டாலரைத் தொடும் கைக்கும் தொடாத கைக்கும் இடையே ஏற்றத்தாழ்வு வளர்ந்தது. ஒரே தொழிலை நம்பி நிற்பது சோசலிச நாட்டுக்கும் ஆபத்தே என்னும் பாடத்தை இதிலிருந்து பெறலாம்.

இந்தியாவும் மூணாறு மலையும்

இந்தியாவுக்கு 2019இல் 1.09 கோடி வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர். 2023இல் 95 லட்சம் பேர். அதே 2023இல் இந்தியர்கள் மேற்கொண்ட வெளிநாட்டுப் பயணங்கள் ஏறத்தாழ 2.8 கோடி. ஒருபுறம் பொதுத்துறை விற்கப்படுகிறது: 2001–02இல் வாஜ்பாய் அரசு ஐ.டி.டி.சி.யின் ஓட்டல்கள் பலவற்றைத் தனியாரிடம் கொடுத்தது. கோவளம் கடற்கரை ஓட்டலும் அவற்றுள் ஒன்று. மறுபுறம் கடற்கரை திறந்துவிடப்படுகிறது: ஊரகக் கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை இருந்த கட்டுமானத் தடையை, 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் அடர்த்தி மிகுந்த பகுதிகளில் 50 மீட்டராகச் சுருக்கிவிட்டது. வலை உலர்த்தும் இடமும் படகு நிறுத்தும் இடமும் விடுதியின் முற்றமாவதற்கு இது வழி.

கேரளத்தின் மூணாறு தமிழ்த் தோழர்களுக்கு அறிமுகமானது. அந்நாட்டுச் சுற்றுலா விளம்பரங்களில் இடம்பெறுபவை அதன் தேயிலைச் சரிவுகள். அச்சரிவுகளைப் பச்சையாக வைத்திருப்போர், தலைமுறைகளுக்கு முன் தமிழ்ப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள். 2015 செப்டம்பரில் அத்தோட்டப் பெண்கள் போனஸுக்காகச் சாலையை மறித்து அமர்ந்தபோதுதான், படங்களில் கூடையுடன் நிற்கும் உருவத்துக்கு ஊதியம் என்று ஒன்று உண்டு என்பது நாட்டுக்குத் தெரிந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். மலையைப் பார்க்க வருவோருக்குக் கண்ணாடிச் சன்னலிட்ட அறைகள் எழும்பிய வட்டாரத்தில், மலையில் உழைப்போர் வரிசை வீடுகளில் புதையுண்டனர். அம்மலை ஈட்டித்தரும் வருவாயில் அவர்கள் பங்கு என்ன என்று எந்தச் சுற்றுலா அறிக்கையும் கணக்கிடுவதில்லை.

மாற்று முயற்சிகள் இல்லாமல் இல்லை. கேரளத்தின் குமரகத்தில் 2008இல் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தில், குடும்பஸ்ரீ பெண்கள் விளைவித்த காய்கறிகளை விடுதிகள் வாங்கும் ஏற்பாடு ஊராட்சியின் துணையுடன் செய்யப்பட்டது. 2017இல் அது மாநில அளவிலான இயக்கமாக விரிவுபட்டது. கசிவை அடைக்கும் வழி இது. நிலமும் கட்டடமும் யாருடையவை, உள்ளே உழைப்பவர் நிரந்தரத் தொழிலாளியா ஒப்பந்தக் கூலியா என்னும் கேள்விகள் அங்கும் எஞ்சி நிற்கின்றன.

இயக்கத்தின் கடமைகள்

இவற்றிலிருந்து தொழிற்சங்கங்களுக்கும் கட்சிக் கிளைகளுக்கும் சில தெளிவான பணிகள் எழுகின்றன. ஓட்டல், விடுதி, படகு, வாடகை ஊர்தி ஆகியவற்றில் உழைப்போர் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன ஊதியம் என்னும் கணக்கை அந்தந்தப் பகுதியிலேயே எடுப்பது முதற்பணி. பயணிகளை எண்ணும் அரசு தொழிலாளிகளை எண்ணாதபோது, சங்கம் எண்ண வேண்டும். துப்புரவும் காவலும் ஒப்பந்ததாரரிடம் தள்ளப்படுவதை எதிர்ப்பதும், பருவம் முடிந்து வேலை இல்லாத மாதங்களுக்கும் பேரிடர்க் காலத்துக்கும் ஊதியப் பாதுகாப்பு கோருவதும் அடுத்தவை. புதிய விடுதிக்கு நிலமும் நீரும் தருவதற்கு முன் ஊராட்சியின், மீனவர்களின், தோட்டத் தொழிலாளர்களின் ஒப்புதல் வேண்டும். உள்ளூர் விளைபொருளுக்கும் உள்ளூர் வேலைவாய்ப்புக்கும் உரிம நிபந்தனையிலேயே இடம் வேண்டும்.

இவற்றுடன் 1936இன் கோரிக்கையும் இன்னும் முடியவில்லை. இந்தியாவின் உழைப்பாளிகளில் மிகப் பெரும்பாலோர் அமைப்புசாராத் தொழில்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடுப்பு என்றால் கூலி இல்லாத நாள். உலகில் 2024ஆம் ஆண்டில் 140 கோடி வருகைகள் பதிவாயின. அவ்வருகைகளுக்காக விரிப்பை மாற்றி, தரையைத் துடைத்து, சாவியை ஒப்படைத்துவிட்டுப் பின்வாசல் வழியே வெளியேறும் பெண்ணிடம் கிளைத் தோழர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கூலி பிடித்தமில்லாமல் அவர் கடைசியாக விடுமுறை எடுத்தது எப்போது? பெரும்பாலான இடங்களில் சங்கத்தின் முதல் கோரிக்கை மனு அந்த விடையிலிருந்தே தொடங்கும்.